துபாஷியின் பிரதியில் யுத்தம்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை இலக்கியக்காரர்கள் உரைநடையின் முன்னோடி என்று மாலை போட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சரித்திரக்காரர்களுக்கு அது கர்நாடக யுத்தங்களுக்கான தகவல் களஞ்சியம். யாருடைய கண் அது, எங்கே நின்று பார்க்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

யுத்தத்துக்குக் காரணம் ஆஸ்திரிய வாரிசுரிமை என்கிறது பாடப்புத்தகம். மரியா தெரசா பட்டத்துக்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, சென்னைப்பட்டணத்து வியாபாரிக்கு? ஒரே கரையில், ஒரே நெசவாளர்களின் துணிக்கு இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டன. அதுதான் விஷயம். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த லபோர்தொனே, பணத்தை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான். தூப்ளே ஒத்துக்கொள்ளவில்லை. ராஜ விசுவாசமா இது? கல்லாப்பெட்டிச் சண்டை. 1748 உடன்படிக்கையில் சென்னை இங்கிலீஷ்காரனுக்கே போனது. பதிலுக்குப் பிரெஞ்சுக்காரனுக்கு வட அமெரிக்காவில் லூயிபூர் கோட்டை. சென்னையில் குடியிருந்தவனை யாரும் கேட்கவில்லை.

விளைவு என்றால் கிளைவ், தூப்ளே என்று ஆரம்பித்துவிடுகிறோம். அதைவிடப் பெரியது 1746இல் அடையாற்றங்கரையில் நடந்தது. நவாப் மகன் மாபூஸ்கானின் பெரும்படையைச் சில நூறு பேர் துப்பாக்கியால் ஓடவைத்தார்கள். அந்தச் சில நூறில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். நம்மாளுக்குச் சம்பளம் கொடுத்தே நாட்டைப் பிடிக்கலாம் என்று இரண்டு கம்பெனிக்காரனுக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது.

பிள்ளை இதையெல்லாம் கிடங்கு வாசலில் நின்று பார்க்கிறார். சரக்கும் மரியாதையும் அவருக்குத் துல்லியமாகத் தெரிகின்றன. 1748 முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிபட்டதை வேதனையோடு விரிவாக எழுதுகிறார். அதே பேனா, மண்வெட்டி பிடித்த கூலிகளை வெறும் கூட்டமாகத்தான் பார்க்கிறது. இதைச் சொன்னால், முன்னோடியைக் குறை சொல்லலாமா என்று கோபித்துக்கொள்கிறார்கள். சொல்லித்தான் ஆகவேண்டும். துபாஷி வாழ்ந்ததே இந்த யுத்தப் பொருளாதாரத்தின் நடுவில்தான்.

அவர் 1761 ஜனவரி 12 அன்று இறந்தார். சில நாளில் புதுச்சேரி விழுந்தது. இங்கிலீஷ்காரன் நகரை இடித்துப்போட்டான். அதற்குச் சற்று முன், 1760 நவம்பரில், தானியம் தீர்ந்துகொண்டிருந்தபோது, ஊர் ஜனங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை லாலி மதிலுக்கு வெளியே தள்ளினான். இங்கிலீஷ் படை அவர்களை வழிமறித்துத் திருப்பி விரட்டியது. கோட்டைக்குள்ளும் சேர்க்கவில்லை. இரண்டு பீரங்கி வரிசைகளுக்கும் நடுவே, புல்வேரைத் தின்று, நாட்கணக்கில் கிடந்தார்கள்.