மெய்காவல் தலைவனின் பயம்

பாரசீகச் சக்கரவர்த்தி ஸெர்க்ஸிஸ் கி.மு. 465-ல் கொலையுண்டான். கொன்றவன் அவனுடைய மெய்காவற்படைத் தலைவன் ஆர்த்தபானஸ் என்று கிரேக்க, ரோமானிய ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கொன்றவன் பெயரில் ஒத்துப்போகிறவர்கள், ஏன் கொன்றான் என்பதில் ஒத்துப்போகவில்லை. கதை எழுதுகிறவனுக்கு அந்த 'ஏன்' தான் முக்கியம்.

டியோடோரஸ் சொல்வது மேடை நாடகத்துக்கு ஏற்ற கதை. சிம்மாசனத்தின்மேல் ஆசை வைத்த ஆர்த்தபானஸ், பள்ளியறை ஊழியன் ஒருவனின் உதவியுடன் இரவில் நுழைந்து அரசனைக் கொல்கிறான். மூத்த மகன் டேரியஸ்தான் கொலைகாரன் என்று தம்பி அர்த்தக்ஸெர்க்ஸிஸை நம்பவைத்து, அண்ணனை ஒழிக்கச் செய்கிறான். பிறகு தம்பிமேலும் வாளை ஓங்கித் தானே மடிகிறான். ஜஸ்டின் முடிவை மட்டும் மாற்றுகிறார். 'என் கவசம் குட்டையாக இருக்கிறது, உன்னுடையதைக் கொடு' என்கிறான் புது அரசன். ஆர்த்தபானஸ் கவசத்தைக் கழற்றியதும் குத்திவிடுகிறான். சம்பவம் சுவையானதுதான். ஆனால் இரண்டிலும் ஆர்த்தபானஸ் வெறும் வில்லன். அவன் மனசுக்குள் நாம் நுழையவே முடிவதில்லை.

இவர்களுக்கெல்லாம் முந்திய அரிஸ்டாட்டில், அரசியலைப் பற்றிய தம் நூலில் ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிடுகிறார். அரசன் உத்தரவில்லாமலே டேரியஸைத் தூக்கிலிட்டுவிட்டான் தலைவன். விருந்தில் இருந்த அரசனுக்கு எதுவும் நினைவிராது, மன்னித்துவிடுவான் என்று எண்ணினான். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில் அரசனுக்கு எதிராகவே கிளம்பினான்.

இந்த மனிதனை எனக்குத் தெரியும். எஜமானின் முகக்குறிப்பைப் பார்த்தே காரியம் செய்து பழகியவன். ஒரு நாள் குறிப்பைத் தப்பாகப் படித்துவிட்டான். அந்த விருந்தில் அரசன் என்ன சொன்னான், என்ன சொல்லாமல் விட்டான் என்பதில் ஒரு முழு நாவல் இருக்கிறது.

இன்னொரு சாட்சியமும் உண்டு. பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று, ஸெர்க்ஸிஸை அவன் மகன் கொன்றான் என்கிறது. எந்த மகன் என்று சொல்லவில்லை. பட்டத்துக்கு வந்த அர்த்தக்ஸெர்க்ஸிஸ் நாற்பது வருஷம் ஆண்டான். தன் பக்கத்துக் கதையை ஊரெல்லாம் பரப்ப அவனுக்கு அவகாசம் இருந்தது. ஆர்த்தபானஸுக்கு அது கிடைக்கவில்லை. அவன் பக்கத்துக் கதையை யாராவது எழுதினால், அரிஸ்டாட்டிலின் அந்த வாக்கியத்திலிருந்து ஆரம்பிக்கட்டும் என்பேன்.