இணையத்தை ஆள்வது யார்? – ஒரு நூல் மதிப்புரை

இணையத்திற்கு நாடும் இல்லை, எல்லையும் இல்லை என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் ஆங்கில நூல் ஒன்றை 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. ‘இணையத்தை ஆள்வது யார்?’ என்பது அதன் தலைப்பின் பொருள். ஆசிரியர்களான ஜாக் கோல்ட்ஸ்மித், டிம் வூ இருவரும் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள்.

நூலின் வலிமை அதன் சான்றுகளில் உள்ளது. நாஜிச் சின்னங்களின் ஏலத்தைப் பிரெஞ்சு மக்கள் காணாதபடி தடுக்குமாறு 2000-இல் பாரிஸ் நீதிமன்றம் யாஹூ நிறுவனத்திற்கு ஆணையிட்டது. ‘அது இயலாத செயல்’ என்றது நிறுவனம். ஆனால், கணினியின் எண் முகவரியைக் கொண்டே பிரெஞ்சுப் பயனர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரை இனங்காணலாம் என்று வல்லுநர்கள் கூறினர். செய்தி எந்த வழியே சென்றாலும் அது சேருமிடம் மண்ணில்தான் உள்ளது!

மற்றொரு சான்று ஜான் போஸ்டல் பற்றியது. இணைய முகவரிகளின் தலைமைப் பட்டியலைத் தாங்கும் கணினிகளுக்கு ‘ரூட் சர்வர்’ என்று பெயர். 1998 ஜனவரியில், இவற்றுள் எட்டினை நிருவகித்தவர்களிடம் தம் கணினியையே தலைமையாகக் கொள்ளுமாறு போஸ்டல் கேட்டார், அவர்களும் இசைந்தனர். அமெரிக்க அரசு தலையிட்டதும் சில நாட்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின. வலையை வளர்த்த அறிஞரைவிட அரசின் கை ஓங்கியது என்பதே ஆசிரியர்கள் காட்டும் பாடம்.

ஆனால், சட்டத்தின் கண்கொண்டு பார்க்கும் இந்நூல், பொருளாதாரக் கணக்கை உரிய அளவு போடவில்லை. எண் முகவரியையே எடுத்துக்கொள்வோம். பழைய முறைப்படி அது 32 இருமக் குறிகளால் ஆனது. எனவே மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. தொடக்கத்தில் இவை கேட்டவர்க்கெல்லாம் தாராளமாக வழங்கப்பட்டன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஒன்றே 1 கோடி 67 லட்சம் முகவரிகளைப் பெற்றிருந்தது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டில், நொடித்துப்போன நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. முன்பு இலவசமாகக் கிடைத்த எண், ஒன்று 11 டாலருக்கு விலைபோயிற்று! முதலில் வந்தவர் சொத்துக்காரர் ஆனார்; பின்னால் வந்த நாடுகள் வாங்குவோர் ஆயின.

பெயர்களின் கதையும் இதுவே. ‘டாட் காம்’ என முடியும் பெயர்கள் இன்று 15 கோடிக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் சுமார் 10 டாலர் வெரிசைன் என்னும் ஒரே அமெரிக்க நிறுவனத்தைச் சேர்கிறது. அதன் விலை வரம்பில் அமெரிக்க வணிகத் துறைக்கும் பங்குண்டு. நாடுகளின் பூசலுக்குக் கொள்கை மட்டுமே காரணம் அன்று என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்கா, ஐரோப்பா, சீனா ஆகிய மூன்றின் போட்டியை நூல் முன்கூட்டியே சுட்டியது பாராட்டத்தக்கது. ஆனால், மற்ற நாடுகள் வெறும் பார்வையாளர் அல்ல. 2012-இல் துபாயில் கூடிய உலகத் தொலைத்தொடர்பு மாநாட்டின் ஒப்பந்தத்தில் 89 நாடுகள் கையொப்பமிட்டன. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகள் பலவும் மறுத்தன. இந்தியாவும் அன்று கையொப்பமிடவில்லை.

2016 அக்டோபரில், முகவரிப் பட்டியல் மீதான மேற்பார்வை ஒப்பந்தத்தை அமெரிக்க அரசு முடிவுக்கு விட்டது. நூலின் வாதம் இதனால் பொய்த்ததா? முழுதும் இல்லை. பொறுப்பை ஏற்ற ‘ஐகான்’ அமைப்பு இன்றும் கலிபோர்னியா மாநிலச் சட்டத்திற்கு உட்பட்டதே.

இப்போட்டியால் நமக்கும் ஒரு நன்மை விளைந்தது. நெடுங்காலம் முகவரியின் இறுதிப் பகுதியில் ரோமன் எழுத்துகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. பிற மொழி நாடுகள் தொடர்ந்து வற்புறுத்தியதனால் 2010-இல் கதவு திறந்தது, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ ஆகியவை தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றன.

ஆட்சி எங்கே என்று கேட்கும் மாணவர்க்கு இந்நூல் நல்ல வழிகாட்டி. வருவாய் எங்கே செல்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு படித்தால் பயன் இரட்டிப்பாகும்.