கொள்ளைக் கப்பலும் கூலிக் கப்பலும்

நூல்களுக்கு மதிப்புரை எழுதுவது இப்பகுதியின் வழக்கம். நாடகங்களுக்கு எழுதுவதும் உண்டு. காட்சிசாலை ஒன்றுக்கு மதிப்புரை வரையப் புகுந்தோமென்றால் நேயர் சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும் காட்சிசாலையும் ஒருவகை நூலே. அதனைத் தொகுத்தவர்கள் இருக்கின்றனர். அதற்கும் அதிகாரப் பகுப்பு உண்டு. அது உரத்துச் சொல்வனவும் உண்டு, சொல்லாது விடுவனவும் உண்டு. ஆண்டு முழுவதும் ஒரு புத்தகத்தை விரித்தறியாத குடும்பமும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு பஸ் ஏறிச் சென்று இந்நூலைப் படித்துத் திரும்புகின்றது. அத்தனை பேர் படிக்கும் நூலைப் பற்றி நாம் வாய் திறவாதிருத்தல் முறையாகாது.

சென்ற விடுமுறையில் மலாக்காவிலுள்ள கடல்சார் காட்சிசாலைக்குச் சென்றோம். நம்முடன் மனைவியார், எண்பது வயதைக் கடந்த அன்னையார், பதின்மூன்று வயது மகன், ஒன்பது வயது மகள் ஆகியோர் வந்தனர். மலாய்மொழியில் அதற்கு ‘முசியம் சமுத்ரா’ என்று பெயர். சமுத்திரம் என்னும் சொல் நமக்கு முன்பே கடல் கடந்து வந்து இங்கே குடியுரிமை பெற்றுவிட்டது கண்டு மகிழ்ந்தோம்.

மலாக்கா ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே, 34 மீட்டர் உயரமும் 36 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட மரக்கப்பல் ஒன்று தரைமேல் நிற்கின்றது. 1994ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இக்கப்பலே காட்சிசாலை. காலணிகளைக் கழற்றிப் பையிலிட்டுக் கையில் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். இவ்வேற்பாட்டை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். பலகையின் சூடும் குளிர்ச்சியும் வெறுங்காலில் படும்போது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் பார்ப்பதினும் பன்மடங்கு அறிவு உண்டாகின்றது. கப்பலின் வயிற்றில் இறங்கினால் சரித்திரம். மேல்தளம் ஏறினால் மீகாமன் அறையும், ஆற்றையும் கடலையும் ஒருங்கே காணும் காட்சியும். எந்தப் பள்ளிக்கூடப் பாடப்புத்தகமும் பிள்ளைகளை இப்படி ஏணிப்படியேறி ஓடவைத்ததில்லை. இதுவரையில் குறைசொல்ல யாதுமில்லை.

அடுத்த வினா, அக்கப்பல் எக்கப்பல் என்பது. அதன் பெயர் ‘ஃப்ளோர் டி லா மார்’. கடற்பூ என்பது பொருள். 1502ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் கட்டப்பட்ட போர்த்துக்கீசக் கப்பல் அது. 1511ஆம் ஆண்டில் அல்புகர்க் என்னும் தளபதி மலாக்காவைத் தாக்கிக் கைப்பற்றினான். சுல்தானின் அரண்மனையிலிருந்தும் நகரத்திலிருந்தும் வாரிய செல்வத்தை இக்கப்பலில் ஏற்றிக்கொண்டு கோவாவை நோக்கிப் புறப்பட்டான். பழைய கப்பல், பாரமோ மிகுதி. சுமத்திராக் கரையோரத்தில் புயலில் சிக்கி உடைந்தது. தளபதி கட்டைகளைப் பிணைத்த மிதவையில் ஏறி உயிர் தப்பினான். செல்வமும், பெயர் தெரியாத பலரும் நீரில் ஆழ்ந்தனர்.

ஆகவே மலாக்காவின் வாயிலில் இன்று நிமிர்ந்து நிற்பது மலாக்காவைக் கொள்ளையிட்ட கப்பலின் வடிவம். கொள்ளையை மறவாதிருக்கும் பொருட்டே அதனை நிறுத்தினர் என்று ஒரு சாரார் கூறுவர். அக்கூற்றை நாம் எளிதில் தள்ளவில்லை. இழந்தவன் தன் இழப்பின் அடையாளத்தைத் தன் வீட்டு முற்றத்தில் நாட்டிவைத்தல் ஒருவகை வீரமேயாகும். ஆனால் காட்சிசாலையில் எழுத்தைக் காட்டிலும் வடிவம் உரத்துப் பேசும். உள்ளே பலகையில் கொள்ளை என்று எழுதியிருப்பினும், வெளியே நிற்பது உயர்ந்த பாய்மரமும் எழில்மிகு பின்தளமும் கொண்ட ஓர் அழகு. நாம் இருந்த ஒரு மணி நேரத்தில் எத்தனையோ குடும்பங்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டன. நாமும் எடுத்துக்கொண்டோம். ஒருவர் முகத்திலும் இழவு வீட்டின் சாயல் இல்லை.

உள்ளிருக்கும் ஒழுங்கைப் பற்றியும் ஒரு சொல். சுல்தான்கள் காலம், போர்த்துக்கீசர் காலம், 1641க்குப் பிற்பட்ட ஒல்லாந்தர் காலம், ஆங்கிலேயர் காலம் என்று ஆட்சிகளின் வரிசையிலேயே கதை நடக்கின்றது. கோட்டைக்கு இவ்வரிசை பொருந்தும்; ஏனெனில் கோட்டையில் கொடி மாறினால் எல்லாம் மாறும். கடலுக்கு அது பொருந்துமா? எந்தக் கொடி பறந்தாலும் பருவக்காற்று தன் மாதத்தில்தான் திரும்பும். பாய் கட்டினவன், தண்ணீர் இறைத்தவன், மூட்டை சுமந்தவன் ஆகியோர் எந்த அரசனின் காலத்துக்கும் தனியுரிமை ஆனவர்கள் அல்லர்.

மலாக்காவின் பழைய கடற்சட்டமே இதற்குச் சான்று. சுல்தான் மஹ்முது ஷா காலத்தில் தொகுக்கப்பட்ட அச்சட்டம், கப்பலின் நாகுதாவைக் கடல்மேல் அரசனுக்கு ஒப்பாகவும், சுக்கான் பிடிப்பவனைப் பெண்டஹாரா என்னும் முதலமைச்சனுக்கு ஒப்பாகவும் வைக்கின்றது. கப்பலின் வயிற்றில் ‘பெத்தாக்’ என்னும் தடுப்பறைகளை வாடகைக்குப் பிடித்துச் சரக்கு ஏற்றிச் செல்லும் வணிகர்களைப் பற்றியும் விதி கூறுகின்றது. ஒரு மரக்கப்பலுக்குள் ஓர் ஊரே ஓடியதை அதில் காணலாம். அந்த ஊரை நடுவில் வைத்துக் கதை சொல்லியிருந்தால், கப்பல் வடிவக் கட்டடத்துக்கு அதனினும் பொருத்தம் வேறென்ன?

1512 முதல் சில ஆண்டுகள் மலாக்காவில் வாழ்ந்த தொமே பிரஸ் என்னும் போர்த்துக்கீசர், இத்துறையில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று எழுதிவைத்தார். வந்திறங்கும் வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர் என்றும், அவருள் ஒருவரின் பொறுப்பில் வங்காளம், பெகு, பாசை நாட்டாரோடு கிளிங்கரும் அடங்கினர் என்றும் அவர் நூல் கூறும். கிளிங்கர் என்பது சோழமண்டலக் கரையிலிருந்து துணிகொண்டு வந்த நம்மவர்க்கு அன்று வழங்கிய பெயர். இவ்விடத்தில் தமிழ்ப் பெற்றோர் நிமிர்ந்து நின்று பிள்ளைகளை அருகே அழைப்பது வழக்கம். நாமும் அழைத்தோம். ஆனால் அக்கதையின் மற்றொரு பாதியையும் சொல்வதே நேர்மை. போர்த்துக்கீசர் நைனா சட்டு என்று எழுதிவைத்த கிளிங்க வணிகர் ஒருவர், சிறைப்பட்ட போர்த்துக்கீசருக்கு உதவினார். நகரம் வீழ்ந்த பின்னர் அல்புகர்க் அவரைப் பெண்டஹாரா ஆக்கினான். 1514ஆம் ஆண்டில் அப்பதவியை அவரிடமிருந்து பறித்து வேறொருவருக்குக் கொடுத்தபோது, அவர் தீமூட்டி அதில் பாய்ந்து மாண்டார். அவரை வீரரென்பதா, விலைபோனவரென்பதா? நம் மகன் இதைக் கேட்டான். வணிகர் என்று விடை கூறினோம். அவனுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இனி நம்மீது நாமே எழுதவேண்டிய மதிப்புரைக்கு வருவோம்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் ‘எனது குடும்பத்தின் வரலாறு’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். தன் முன்னோர் இராசேந்திர சோழனின் கடற்படையோடு இந்நாட்டுக்கு வந்தவர்கள் என்று நம் மகன் எழுதினான். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அவனுக்கு அவ்வாறு சொல்லிக்கொடுத்தவர் யாரென்று தேடவேண்டியதில்லை, நாம்தாம். 1025ஆம் ஆண்டின் கடாரப் படையெடுப்பை மேடையில் பேசியும், மேடைப்பேச்சைக் கேட்டும் வளர்ந்தவர்கள் நாம். அம்மன்னனின் மெய்க்கீர்த்தி எதைப் பெருமையாகக் கூறுகின்றது என்பதை மட்டும் மேடையில் நிதானித்துச் சொல்வதில்லை. கடாரத்தரசனின் யானைகளையும், நிதிக்குவியலையும், வித்தியாதர தோரணம் என்னும் வாயிலையும் கைக்கொண்டதை அது கூறுகின்றது. அல்புகர்க் ஏற்றினால் கொள்ளை, சோழன் ஏற்றினால் வெற்றி என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மலாக்காவார் பிறனுடைய கொள்ளைக் கப்பலை முற்றத்தில் நிறுத்தினர். நாம் நம்முடைய கொள்ளைக் கப்பலை மனத்துக்குள் நிறுத்தியிருக்கின்றோம். வேறுபாடு அவ்வளவே.

கப்பலின் அடித்தளத்தில் நின்றபோது, சிறு மகள் பாட்டியின் முன்றானையைப் பற்றி இழுத்து, “பாட்டி, நீங்கள் வந்த கப்பலும் இப்படித்தான் இருந்ததா?” என்று கேட்டாள்.

நாம் திடுக்கிட்டோம். அன்னையார் 1950ஆம் ஆண்டில், ஆறு வயதுச் சிறுமியாக, நாகப்பட்டினத்தில் ‘ராஜுலா’ ஏறி வந்தவர். இச்செய்தி நம் வீட்டில் மறைவானது அன்று. ஆனால் பேசப்படுவதும் அன்று. பேத்திக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்னும் நமக்குப் புலப்படவில்லை.

“இது சின்னக் கப்பல், கண்ணு. அது இரும்பு,” என்றார் அன்னையார். பிறகு ஒருவரும் எதிர்பாராத வண்ணம் பலகைத் தரையில் உட்கார்ந்தார். செருப்பு இருந்த பையை ஒரு மூலையில் வைத்தார். தம் கைப்பையை எதிர்மூலையில் வைத்தார். “இவ்வளவுதான் எங்களுக்கு இடம். அய்யா, ஆத்தா, நாங்கள் மூன்று பேர். இந்தப் பக்கம் பாய் நீண்டால் அடுத்த வீட்டார் சண்டைக்கு வருவார்கள்,” என்றார். கடலில் அடுத்த வீட்டார்! நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் எட்டி நிற்கும். படகில் போய் ஏறவேண்டும். அலை படகைத் தூக்கும் தறுவாயில் ஒரு கலாசி தம்மைத் துணிமூட்டையைப்போல வாங்கிக்கொண்டான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அயலார் குடும்பமொன்று வழிவிடக் காத்து நின்றது. பிறகு அவர்களும் நின்று கேட்டனர். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அன்று அக்காட்சிசாலையில் நாம் கண்ட காட்சிகளுள் தலைசிறந்தது அந்தப் பாயளவு தரை.

ராஜுலா 1926ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரையில் போய்வந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்த பின்னர்க் கங்காணிகள் அழைத்துவந்த காலத்திலும், இந்திய அரசாங்கம் 1938இல் கூலியாட்களை அனுப்புவதைத் தடைசெய்த பின்னரும், திருமணத்துக்கும் கருமாதிக்கும் நம் மக்கள் போய்வந்தது அக்கப்பலின் மேல்தளத்தில்தான். அதே 1926இல் கட்டப்பட்டு இதே தடத்தில் ஓடிய உடன்பிறப்பான ‘ரோனா’, யுத்தத்தில் துருப்புக்கப்பல் ஆக்கப்பட்டு, 1943 நவம்பர் 26இல் மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானக் குண்டால் மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் போர்வீரர்களும், அவர்களோடு இந்தியக் கப்பலாட்களும் மாண்டனர். கடற்பூவின் கதைக்கு இவை எவ்விதத்தில் குறைந்தவை? ராஜுலாவின் வடிவில் ஒரு கட்டடமும் எழவில்லையே என்றால், அதற்கு மலாக்காவாரை நோவதெப்படி? கேட்கவேண்டிய நாம் கேட்டோமா? கேட்பதற்கு முன் நம் வீட்டில் சொன்னோமா?

காட்சிசாலையின் மற்றொரு பகுதி பக்கத்திலுள்ள ‘குத்திரி’ கட்டடத்தில் இருக்கின்றது. தோட்டத்து நேயர்களுக்கு அப்பெயரை நாம் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 1821இல் சிங்கப்பூரில் வணிகம் தொடங்கி, பின்னாளில் ரப்பர்த் தோட்டங்களின் பேரரசாக வளர்ந்து, 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச்சந்தையில் ஒரு காலைப்பொழுதில் மலேசியர் கைக்கு வந்த கம்பெனியின் பெயர் அது. பாலை வெட்டி வடித்தவர்களைக் கொண்டுவந்த கப்பலைப் பற்றிப் பேச அதனினும் தக்க கூடம் இந்நகரில் கிடையாது. வேண்டுவது பெரும்பொருளும் அன்று. ஒரு மேல்தளச் சீட்டு, ஒரு தகரப்பெட்டி, அம்மை குத்தின தழும்பைக் காட்டும் ஒரு கை, பாயளவு தரை, இன்னும் உயிரோடிருக்கும் முதியோரின் குரல் — இவை போதும். இம்முதியோரின் தொகை ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றது. காட்சிசாலையார்க்கு இதனை ஒரு விண்ணப்பமாக எழுதியனுப்பியிருக்கின்றோம். நேயர்களும் எழுதலாம், பெட்டி வைத்திருப்பவர்கள் அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதிருக்கலாம். நம் வீட்டுப் பெட்டி இரண்டாண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. போட்டவர் நாமே.

திரும்பும் வழியில் மகன் சன்னலோரம் உட்கார்ந்து நெடுநேரம் பேசாமலிருந்தான். கட்டுரையை மாற்றி எழுதப்போவதாக அவன் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. தம்பின் ஊரைத் தாண்டிய பிறகு, “ராஜுலா என்பதற்கு எந்த ‘லா’ போடவேண்டும், பாட்டி?” என்று கேட்டான்.

அன்னையாருக்கு எழுத்துத் தெரியாது. அவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார்.