சிள்வீடு: அகராதிப் பொருளும் பூச்சியியல் வகைப்பாடும்

அகநானூற்றின் 89ஆம் பாடலில் இடம்பெறும் சிள்வீடு என்னும் உயிருக்குச் ‘சிள்வண்டு’ என்றோ ‘ஒருவகை வண்டு’ என்றோ பொருள் கூறி அமைவதே பெரும்பான்மை வழக்கு. பேச்சு வழக்கிலோ சிள்வண்டு என்பது இரவில் ஒலிக்கும் சுவர்க்கோழியையும், பகலில் மரத்திலிருந்து ஒலிக்கும் சிக்காடாவையும் ஒருங்கே சுட்டும். ஆகவே இவ்விளக்கம் ஐயத்தைத் தீர்க்கவில்லை.

பூச்சியியல் இவ்விரண்டையும் வெவ்வேறு வரிசைகளில் வைக்கிறது. சுவர்க்கோழி வெட்டுக்கிளிக்கு உறவு. முன்சிறகுகளை உரசி ஒலிப்பது. சிக்காடா, அசுவினியும் மூட்டைப்பூச்சியும் அடங்கும் எமிப்டெரா வரிசையைச் சார்ந்தது. மரச்சாற்றை உறிஞ்சி வாழ்வது. அதன் ஆண், வயிற்றின் இருபுறமும் உள்ள சவ்வுகளை அதிர்வித்து ஒலிக்கும். இரண்டுமே வண்டினம் அல்ல.

பாடற்சூழல் என்ன கூறுகிறது? உச்சி வெயில் காயும் பாலை நிலம். சிள்வீடு ஒலிக்குமிடம் வேலமரம். வெப்பம், பகல், மரம் ஆகிய மூன்றும் சிக்காடாவுக்கே மிகப் பொருந்துவன. இரவுப் பறவையாகிய குடிஞையும் அப்பாடலில் ஒலிப்பதைக் காட்டி இதனை மறுக்கலாம். மரத்தில் வாழும் சுவர்க்கோழி இனங்களும் உண்டு. எனினும் ஞாயிறு நடுநின்று காய்வதைக் கூறியே புலவர் பாடலைத் தொடங்குவதால், சிக்காடா எனக் கொள்வதே வலுவுடையது.

இதற்கு மேல் இனப்பெயர் சுட்டுவது மிகை. 2016இல் பிரைசு முதலியோர் வெளியிட்ட தெற்காசியச் சிக்காடாப் பட்டியல், மியன்மாரையும் உட்படுத்தி 281 வகைகளைத் தருகிறது. இலங்கைக்கு மட்டும் 22 இனங்கள். தோற்றத்தால் பிரித்தறிய இயலாத இனங்கள் பலவற்றை இன்று ஒலிப்பதிவு கொண்டே பிரிக்கின்றனர். ஒரு சொல்லைக் கொண்டு அத்தகைய துல்லியத்தை எய்த இயலாது.

தொல்காப்பிய மரபியலை இற்றைப் பூச்சியியலின் முன்னோடியாகக் காட்டுவோரும் இங்கே தயங்க வேண்டும். மரபியலில் செவி ஐந்தாம் அறிவு, தும்பி நான்கறிவுயிர். பூச்சியினத்தைத் தும்பியின் கிளையாகக் கொண்டால், வயிற்றில் செவிப்பறை உடைய சிக்காடா அவ்வரம்பில் அடங்காது. மரபியல் சொல்வழக்கின் இலக்கணம். அதனை அவ்வாறே மதிப்பதுதான் முறை.

களிற்றியானைநிரையின் செம்பதிப்பு 2018இல் புதுச்சேரியிலிருந்து, தூரகிழக்குக்கான பிரெஞ்சுப் பள்ளியின் வழி வெளிவந்தது. பாடவேறுபாட்டிற்குக் காட்டப்பெறும் அதே கண்டிப்பு உயிரினப் பெயர்களுக்கும் வேண்டும். ‘ஒருவகை வண்டு’ என்பது பொருளன்று. பொருள் காணாமையின் ஒப்புதல்.