பாஸ்டன் வழியும் அதன் அளவுகோலும்

அடிமை ஒழிப்புப் புனைகதையின் மரபுகளைச் சுருக்கமாக எழுதித் தரும்படி மலர்க்குழுப் பெரியவர்கள் பணித்தார்கள். ஸ்டோவின் நாவலான டாம் மாமாவின் கதையை உறுப்பினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1852இல் நூலாகி, ஓராண்டில் அமெரிக்காவில் மட்டும் மூன்று லட்சம் பிரதிகள் விற்றது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, அடிமையே தன் கதையைச் சொல்லும் நாவலைப் பெயர் போடாமல் பாஸ்டனில் வெளியிட்டவர் ரிச்சர்ட் ஹில்ட்ரெத். கறுப்பின எழுத்தாளர்களின் வழி தனி. 1853இல் ஃபிரெடரிக் டக்ளஸ் 'கிரியோல்' கப்பலில் அடிமைகள் செய்த கிளர்ச்சியைக் கதையாக்கினார். அதே ஆண்டு வில்லியம் வெல்ஸ் பிரவுனின் 'குளோட்டல்' நாவல் லண்டனில் வந்தது.

நம் வாசிப்பு வட்டத்தில் பல்லாண்டு பாடம் சொன்ன மூத்த ஆசிரியரோ எழுத்தாளர் லிடியா மரியா சைல்டின் கட்சி. அந்த ஆசிரியரிடம் பயின்றவர்களும் அப்படியே. 1833இல் அடிமை முறையைக் கண்டித்து நூல் எழுதியதற்காக, பாஸ்டன் அதீனியம் நூலகம் சைல்டுக்குத் தந்திருந்த சலுகையைப் பறித்தது. அவர் நடத்திய சிறுவர் இதழின் சந்தாக்களும் சரிந்தன. அவர் பேனாவை வைத்துவிடவில்லை. 'குவாட்ரூன்கள்' கதையை 1842இல் 'லிபர்ட்டி பெல்' என்ற ஆண்டு மலரில் எழுதினார். அடிமை ஒழிப்புச் சந்தையில் விற்று இயக்கத்துக்கு நிதி திரட்டிய மலர் அது.

அந்தக் கதையில், சீராக வளர்க்கப்பட்ட ஸரிஃபா திடீரென ஏலத்துக்கு வருகிறாள். அங்கே கொடியவன் ஒருவனைத் தேட வேண்டியதில்லை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்ற சட்டமே அவளை விற்கிறது. பிரவுனே இக்கதையிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். ஸ்டோவும், நாவல் பொய் என்று தென்மாநிலத்தார் சொன்னபோது, சட்டங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் செய்தித்தாள் விளம்பரங்களையும் திரட்டி 1853இல் ஆதார நூலே வெளியிட்டார்.

சட்டத்தையும் ஆதாரத்தையும் காட்டி எழுதும் இந்த அளவுகோல் இன்று எங்கே போயிற்று? எவரையும் சுட்டுவது நோக்கமன்று; நல்லெண்ணத்துடன் எழுதுவோர் உண்டு. ஆனால் அடிமை முறையைக் களமாகக் கொள்ளும் இன்றைய நாவல்கள் சிலவற்றில் சாட்டை இருக்கிறது, சட்டம் இல்லை. ஏலம் இருக்கிறது, விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் யாரென்ற தகவல் இல்லை. கண்ணீர் வந்தால் போதும் என்று எழுதுகிறார்கள், கண்ணீர் வந்தது என்று மதிப்புரை எழுதுகிறார்கள், பரிசும் தருகிறார்கள். கூட்டங்களிலும் ஆதாரம் கேட்பவரைக் குறுக்கே பேசுபவராகப் பார்க்கும் நிலை வந்துவிட்டது. மேரிலாந்தில் சாமுவேல் கிரீன் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவர் ஸ்டோவின் நாவலை வீட்டில் வைத்திருந்ததற்காக 1857இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். வாசிப்புக்கு அந்த விலை கொடுத்தவர்களின் மரபை இத்தனை அலட்சியமாகக் கையாளலாமா?

அடுத்த ஆண்டு வாசிப்புப் பட்டியலில் புதிய நாவல்களைச் சேர்க்குமுன், சைல்டின் கதையையும் ஸ்டோவின் ஆதார நூலையும் சேர்த்துப் படிக்க மூத்தோர் ஏற்பாடு செய்ய வேண்டும்.