வைதவனின் முகம் எதற்கு?

சமூக ஊடகத்தில் தன்னை இழிவாகப் பேசிய பின்னூட்டத்தை, எழுதியவரின் பெயரோடும் படத்தோடும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு, கீழே நாலு வரி சூடாக எழுதுவது பிரபலங்களிடையே வழக்கமாகிவிட்டது. மறுநாள் மலையாளச் செய்தித் தளங்களில் அது ‘சுட்ட மறுபடி’ (சூடான பதில்). தமிழ்த் தளங்களில் ‘நெத்தியடி’. இரண்டு மொழியிலும் செய்தி படிக்கிற எங்கள் திருவனந்தபுரம் வலியசாலைத் தமிழர்களுக்கு இரண்டும் பழகிப்போனவை. இதைத் துணிச்சல் என்று புகழ்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெண்களின் வாயை அடைப்பதற்காகவே பேசப்படும் பேச்சுகள் பல. பொறுத்துப்போ என்று உபதேசிக்க வேடிக்கை பார்ப்பவர்களுக்கு உரிமை இல்லை. பதில் வேண்டும். ஆனால் வைதவனின் முகத்தைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை.

இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் தலைமைச் செயலகத்தையே எடுத்துக்கொள்வோம். கணவர் வி. வேணு ஓய்வு பெற்றதும் 2024 செப்டம்பரில் கேரளத்தின் தலைமைச் செயலாளராகப் பொறுப்பேற்றவர் சாரதா முரளீதரன். கணவரின் பணிக்காலம் எவ்வளவு வெளுப்போ, அவருடையது அவ்வளவு கறுப்பு என்று யாரோ சொன்னார்கள். 2025 மார்ச்சில் சாரதா அதைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினார். குவிந்த எதிர்வினைகளைக் கண்டு நீக்கினார். பேச வேண்டிய விஷயம்தான் என்று நலம் விரும்பிகள் சொன்னதும் விரிவாக எழுதி வெளியிட்டார். நான்கு வயதில் அம்மாவிடம், என்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாகப் பெற்றுத்தர முடியுமா என்று கேட்டதை அதில் சொன்னார். தன் நிறம் போதாது என்ற எண்ணத்தோடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததையும், கறுப்பின் அழகைப் பிள்ளைகள்தான் தனக்குக் காட்டினார்கள் என்பதையும் சொன்னார். வைதவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அந்த ஆள் எந்தக் கட்சி, எந்தச் சாதி, யாருக்கு வேண்டியவர் என்பதிலேயே கேரளம் ஒரு வாரத்தைக் கழித்திருக்கும். பெயர் இல்லாததால், பெண் பார்த்துவிட்டு ‘நிறம் கொஞ்சம் கம்மி’ என்று சொல்லி நகர்ந்த ஒவ்வொரு குடும்பமும், எங்கள் அக்கிரகாரக் குடும்பங்கள் உட்பட, அந்த வெற்றிடத்தில் தன்னை வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

பெயர் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். 2017 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் நடிகை பார்வதி, மம்மூட்டி நடித்த ‘கசபா’ படத்தின் பெண் வெறுப்பைக் கண்டித்தார். மம்மூட்டி ரசிகர்கள் அவரை மாதக் கணக்கில் வதைத்தார்கள். அவர் போலீஸில் புகார் கொடுத்தார். அது சரியான காரியம். ஆனால் கைதான இளைஞரின் பெயர் செய்திகளில் வந்த கையோடு, அந்தப் படத்தின் தயாரிப்பாளரே அவருக்கு வேலை தருவதாகப் பகிரங்கமாக எழுதினார். குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே நாளில் ஒரு தரப்பின் நாயகன் ஆனார். பார்வதி எழுப்பிய கேள்வி, திரைநாயகன் பெண்ணை மிரட்டும் காட்சிக்குக் கைதட்டலாமா என்ற அந்த நல்ல கேள்வி, சண்டையின் இரைச்சலில் அமுங்கிப்போனது.

2020 செப்டம்பர் 26-இல் இதே நகரத்தில் வைதவனை ஊருக்குக் காட்டுவது இன்னும் ஒரு படி மேலே போனது. பெண்களைப் பற்றி ஆபாசமாக யூடியூபில் பேசியவரின் இருப்பிடத்துக்கே டப்பிங் கலைஞர் பாக்யலட்சுமியும் தோழியர் இருவரும் போய், கறுப்பு எண்ணெயை ஊற்றி, அதை நேரலையாகக் காட்டினார்கள். அவர்கள் கோபத்தின் நியாயம் எவருக்கும் புரியும். ஆனால் பிறகு நடந்த விவாதமெல்லாம் எண்ணெய் ஊற்றியது சரியா, முன்ஜாமீன் கிடைக்குமா என்பதுதான். அந்தக் கொந்தளிப்பு அடங்குமுன்னே கேரள அரசு போலீஸ் சட்டத்தில் 118ஏ பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது: எந்த ஊடகத்திலும் அவமதித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்களைக் காக்க என்று சொல்லப்பட்ட அது, அமைச்சரைக் கேலி செய்த நிருபரையும் உள்ளே தள்ளியிருக்கும். எதிர்ப்பு கிளம்பி நவம்பர் முடியுமுன் திரும்பப் பெறப்பட்டது.

போலீஸுக்குப் போனால் ஒன்றும் நடப்பதில்லை, அதனால்தான் ஸ்கிரீன்ஷாட் என்பார்கள். அந்தக் குறை உண்மை. ஆனால் புகாரில் எழுதும் பெயர், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஓர் அதிகாரியிடம் போகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் காட்டும் பெயர், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத லட்சக்கணக்கான ரசிகர்களிடம் போகிறது. அவன் பொதுவில்தானே எழுதினான் என்பதும் சரியில்லை. ஒரு சிலர் படித்துவிட்டு மறந்திருக்கக்கூடியதை ஊர் முழுக்கப் படிக்க வைப்பது பிரபலம்தான். கிளம்பும் கூட்டம் அவனோடு நிற்பதில்லை. அவன் தங்கையின், மனைவியின் பக்கங்களுக்கும் போய் அதே வசையை எழுதுகிறது. ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண்ணை வைவதைத் துணிச்சல் என்று கொண்டாட என் மனம் ஒப்பவில்லை. மேலும் இந்த ஆயுதம் பின்தொடர்பவர்கள் உள்ளவர்களுக்கு மட்டுமே. ரசிகர் படை இல்லாத வார்டு கவுன்சிலரோ அங்கன்வாடி டீச்சரோ யாரை ஏவுவார்? பத்து லட்சம் பேர் பின்தொடரும் ஒரு நடிகை, வைதவனின் படத்துக்குப் பதில் தன் புகாரின் தேதியை வெளியிட்டு, அது எந்த நிலையில் இருக்கிறது என்று வாரந்தோறும் கேட்டால், சைபர் காவல் நிலையம் பதில் சொல்லியாக வேண்டும். அப்படிப் பதில் சொல்லிப் பழகிய நிலையம், அதே மேசையில் கிடக்கும் டீச்சரின் புகாரையும் அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.