ஊருக்குப் போக விசா

ரொறன்ரோவில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், கோடை விடுமுறைக்கு விமானம் ஏறும்போது ‘இலங்கைக்குப் போறன்’ என்று சொல்வது அபூர்வம். ‘ஊருக்குப் போறன்’ என்பார். ஊர் என்றால் கொக்குவில், நெடுந்தீவு, அல்லைப்பிட்டி. கனடியக் குடியுரிமை வாங்கியவர் இலங்கையின் இரட்டைக் குடியுரிமையை எடுக்காமல் விட்டிருந்தால், அந்த ஊரைப் பார்க்கச் சுற்றுலாப் பயணியைப் போல விசா எடுக்க வேண்டும். ஊர் அவருடையது, நாடு அவருடையதல்ல. ஈழத்துப் புலம்பெயர் எழுத்தைப் படிக்க இந்தச் சிக்கலைவிட நல்ல வாசல் இல்லை.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக வெடித்த கலவரத்துக்கு முன்பே புலம்பெயர்ந்து எழுதியவர்கள் உண்டு. லண்டனிலிருந்து ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம் எழுதிய ‘ஒரு கோடை விடுமுறை’ 1981இல் வந்துவிட்டது. ஆனால் கூட்டமாகப் புறப்பட்டதும், கூட்டமாக எழுதியதும் கலவரத்துக்குப் பிறகுதான். அந்த எழுத்துக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டியது, எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் 1994இல் தொகுத்த ‘பனியும் பனையும்’ சிறுகதைத் தொகுப்பு. பெயர் அழகானது, பின்னால் வந்த பலருக்கு அதுவே வாய்ப்பாடாகவும் ஆகிவிட்டது. ஒரு பக்கம் பனி, மறு பக்கம் பனை, நடுவில் ஒரு பெருமூச்சு. பனையில் ஏறியது யார், கீழே நின்று அண்ணாந்து பார்த்தது யார் என்ற கேள்வி அந்த எழுத்துகளில் பெரும்பாலும் எழவில்லை.

பெருமூச்சு விட நேரமில்லாதவர்களிடம்தான் சுவையான எழுத்து பிறந்தது. யாழ்ப்பாணத்தில் சமையலறைக்குக் ‘குசினி’ என்று பெயர்; போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். பாரிஸ் உணவகத்தில் கோப்பை கழுவப் போன இளைஞன், அங்கும் சமையலறையைக் கிட்டத்தட்ட அதே ஒலியில் பிரெஞ்சுக்காரர்கள் அழைப்பதைக் கேட்டான். தெரியாத மொழியில் அவனுக்கு முதலில் புரிந்த சொற்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். செல்வம் அருளானந்தத்தின் ‘எழுதித் தீராப் பக்கங்கள்’ அந்தப் பாரிஸைத்தான் சொல்கிறது: நெருக்கியடித்துத் தங்கிய அறைகள், வேலை தேடும் அலைச்சல், வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் அவமானங்கள். பிரான்சைத் தன் நாடு என்று அந்த நூல் எங்கும் மார்தட்டவில்லை. தெருக்களையும் நண்பர்களையும் அது நினைவுகூரும் விதத்தில் பாரிஸ் தானாக இன்னொரு ஊராகிவிடுகிறது.

ஊராவது எளிது. நாடாவதற்குக் கடதாசி வேண்டும். ‘காட் கிடைச்சிட்டுதா?’ (வதிவிட அட்டை கிடைத்துவிட்டதா?) என்பது பாரிஸ் தமிழர்களிடையே ஒரு காலத்தில் குசல விசாரிப்பு. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவலின் தொடக்கத்திலேயே ஓர் அகதி விண்ணப்பம் வருகிறது. வாழ்க்கையை அதிகாரி நம்பும்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடியே அங்கே இலக்கிய வடிவமாகிவிட்டது. 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்ற ‘தீபன்’ படத்தில் அவரே நாயகன். ஒருவருக்கொருவர் அந்நியர்களான மூவர், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளோடு பிரான்சுக்கு வருகிறார்கள். பெர்லின்வாசி பொ. கருணாகரமூர்த்தி தம் கதைக்கு ‘ஒரு அகதி உருவாகும் நேரம்’ என்று தலைப்பிட்டார். அகதி பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறான் என்பது அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது.

இவர்களோடு அ. முத்துலிங்கத்தை வைத்துப் படித்தால் வேறு காற்று வீசும். சியரா லியோன், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், கனடா என்று அவர் கதை எங்கே இறங்கினாலும் அங்கே உட்கார ஒரு நாற்காலி கிடைத்துவிடுகிறது. அவருடைய நகைச்சுவைக்கு விமர்சகர்கள் பல காரணம் சொல்வார்கள். ஒரு காரணம் வெளிப்படையானது: அவர் அகதி விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றவர் அல்லர், கணக்காளராக, ஐ.நா. அதிகாரியாக நாடு நாடாகப் போனவர். பல நாடுகளில் இயல்பாக இருக்க மனம் மட்டும் போதாது, கடவுச்சீட்டின் நிறமும் உதவும். இதைச் சொல்வதால் அவர் கலை குறைந்துவிடாது. ‘கடவுள் தொடங்கிய இடம்’ நாவலில், தாம் போகாத அந்த அகதிப் பாதையை அவரே எழுதிப் பார்த்திருக்கிறார்.

குடியுரிமைச் சட்டங்கள் மெல்லத்தான் இளகின. கனடா 1977இலேயே இரட்டைக் குடியுரிமையை ஏற்றது. நோர்வே 2020 வரை காத்திருந்தது. ஜெர்மனி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, பழைய குடியுரிமையைத் துறந்துவிட்டு வா என்றே சொல்லிவந்தது. 2024 ஜூனில்தான் அந்த நிபந்தனை போனது. இரண்டு நாடும் எனக்குச் சொந்தம் என்ற உணர்வை அதற்குள் ஒரு தலைமுறை சட்டத்தைக் கேட்காமலே வாழ்ந்து முடித்திருந்தது.

அவர்களின் பிள்ளைகள் தமிழில் எழுதுவது அரிது. யாழ்ப்பாணத்தில் 1984இல் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த செந்தூரன் வரதராஜா, 2016இல் ஜெர்மன் மொழியில் ஒரு நாவல் வெளியிட்டார். முழுவதும் முகநூல் உரையாடல். ஒருவன் ஈழத்து அகதிக் குடும்பத்துப் பிள்ளை, மற்றவள் கொசோவோவிலிருந்து வந்தவள். இருவருக்கும் தாய்மொழி அல்லாத ஜெர்மனில், தங்கள் வீடுகளில் அம்மாக்கள் என்ன பேசினார்கள் என்பதைத்தான் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.